இரண்டு சென்ட் தோட்டத்துக்கு ஒரு முள்கரண்டி போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டுத் தோட்டம் பற்றி வந்த கட்டுரையைப் படித்த அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன், நடுவில் வேலை வந்துவிட்டது, இன்றைக்குத்தான் முடிக்கிறேன். விதை, உரம், பந்தல் பற்றிச் சொன்னது எல்லாம் சரி. ஆனால் மண்ணைத் தயார் செய்வதற்கு ஒரே ஒரு பத்திதான் ஒதுக்கியிருந்தீர்கள், அதுவும் தப்பு. மழை பெய்த மறுநாள் மண் இளகி இருக்கும்போதே பவர் வீடர் என்கிற, சுற்றும் கத்தியால் மண்ணைக் கிளறும் சின்ன இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து மூன்று நான்கு முறை ஓட்டி, மண்ணை மாவு மாதிரி ஆக்கிவிட்டால் போதும் என்று எழுதியிருந்தார்கள். ஆடிப்பட்டம் வரப்போகிறது. அதைப் படித்துவிட்டு சேலத்தில் எத்தனை பேர் அப்படியே செய்யப் போகிறார்களோ என்று நினைத்தால் மனசு கேட்கவில்லை, ஏனென்றால் நான் அதையே செய்து, அப்புறம் இரண்டு வருடம் அந்த மண்ணோடு மல்லுக்கட்டியவள்.

எங்கள் வீடு கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறது. வீடு கட்டியது போகப் பின்பக்கம் இரண்டு சென்ட் இடம் மிச்சம். கட்டுமான வேலை நடந்தபோது ஜேசிபி நின்று திரும்பிய இடம் அது, கடைசியில் கிராவல் கொட்டி மட்டம் தட்டிவிட்டுப் போனார்கள். கடப்பாரையைப் போட்டால் டங்கென்று திருப்பி அடித்தது. நம் ஊர்ச் செம்மண்ணே அப்படித்தான், நனைந்தால் குழையும், காய்ந்தால் கல்லாகும், அதில் வெங்கச்சங்கல் வேறு கலந்திருக்கும். கருப்பூர், வெள்ளக்கல்பட்டி பக்கம் போனால் கேட்கவே வேண்டாம், கொஞ்சம் தோண்டினாலே வெள்ளைக்கல் தட்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் சித்திரையில் நல்ல கோடை மழை ஒன்று பெய்தது. மறுநாள் காலையிலேயே வாடகைக்கு ஆள் பிடித்து இயந்திரம் ஓட்டினேன். மூன்று சால். சாயங்காலம் பார்த்தபோது தரை இலவம் பஞ்சு மெத்தை மாதிரி இருந்தது, வீட்டில் எல்லோரும் காலை வைத்து வைத்துப் பார்த்தோம், அவ்வளவு சந்தோஷம். பத்து நாளில் எல்லாம் மாறிவிட்டது. ஒரு மழை, நான்கு நாள் வெயில், மேலே அப்பளம் மாதிரி ஓடு கட்டிவிட்டது. அதன் அடியில் கட்டி கட்டியாகக் காய்ந்து கிடந்தது, சுத்தியல் போட்டால்தான் உடையும். கத்தரி நாற்று நட்டேன். தண்ணீர் விட்டால் உள்ளே போகாமல் குட்டையாக நின்றது, செடி மஞ்சளாகிப் போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் ஐந்தாறு அங்குலம் இறங்கி, அங்கே ஏதோ சுவரில் முட்டினது மாதிரிப் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தது.

அந்தச் சுவரை நானேதான் கட்டியிருக்கிறேன். நல்ல தோட்டத்து மண்ணை அள்ளிப் பார்த்தால் அதில் பாதிதான் மண், மீதிப் பாதி இடைவெளி, அந்த இடைவெளியில் காற்றும் தண்ணீரும் ஏறக்குறைய பாதிப் பாதி. வேருக்கு மூச்சு அதில்தான் இருக்கிறது. ஈரம் அதிகமாக இருக்கும்போது மண் துகள்கள் வழுக்கிக்கொண்டு ஒன்றோடு ஒன்று ஒட்டிவிடும், இடைவெளி நசுங்கிவிடும். அதோடு, சுற்றுகிற கத்தி ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில் போய்த் தேய்க்கிறது, கொத்தனார் கரண்டியால் சிமென்ட் பூசி மழுக்குவது மாதிரி. மேலே மெத்தை, கீழே பூச்சு. மேலே மாவாக்கிய மண்ணும் நிற்காது, மழைத்துளி விழுந்ததும் மாவு கரைந்து துவாரங்களை அடைத்துக்கொள்ளும், காய்ந்ததும் அந்த அப்பள ஓடு வரும்.

இதையெல்லாம்விட என்னை அழ வைத்தது கோரைதான். முதலில் ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் இருந்தது. கோரைக்கு மண்ணுக்குள் சின்னச் சின்னக் கிழங்குகள் சங்கிலி மாதிரித் தொடர்ந்து இருக்கும், அந்தச் சங்கிலியைத் துண்டாக்கினால் தூங்கிக்கொண்டிருந்த கிழங்கெல்லாம் தனித்தனியாக முளைக்கும். அருகம்புல்லும் அப்படித்தான், கணு உள்ள துண்டு ஒன்று மிச்சம் இருந்தால் போதும். இயந்திரம் அந்த மூலையில் இருந்ததை நறுக்கி, இரண்டு சென்ட் முழுக்க எனக்கு நட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. ஆவணி மாதம் எங்கள் தோட்டத்தைப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, புல் வளர்க்கிறீர்களா என்று உண்மையாகவே கேட்டார்.

அப்போதுதான் அப்பா மலையிலிருந்து வந்தார். ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் வேலை செய்தவர், இருபது வயதிலிருந்து மண் கொத்தினவர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் சேர்வராயனுக்குக் காபியைக் கொண்டுவந்தார் என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காபிக் காட்டை இருநூறு வருடமாகக் கொத்திக் கொத்திக் காப்பாற்றியவர்களின் கைவேலையைப் பற்றி மட்டும் யாரும் எழுதுவதில்லை. அப்பா தோட்டத்தைச் சுற்றி வந்தார், ஒரு கை மண்ணை எடுத்து அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வரும்போது சாக்கில் சுற்றி ஒரு நாலு பல் முள்கரண்டியைக் கொண்டுவந்தார், 20 கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்திருக்கிறார். அவர் அதை முள்ளு என்றுதான் சொல்வார்.

முள்கரண்டி என்றால் பூந்தொட்டிக்கு விற்கிற கையளவு சாமான் கிடையாது. இடுப்புக்கு மேல் வருகிற காம்பு, ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் தடித்த நாலு பல், காலால் மிதிக்கத் தோள்பட்டை மாதிரி ஒரு இடம். அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்றே சொல், குத்து, சாய், விடு. பல்லை நேராக நிறுத்தி உடம்பு எடையால் மிதித்து இறக்க வேண்டும். காம்பைத் தன் பக்கம் மெதுவாகச் சாய்க்க வேண்டும். அப்போது முன்னால் உள்ள மண் மெல்ல மேலே எழும்பி விரிசல் விடும், லேசாக ஒரு சத்தம் கேட்கும். அவ்வளவுதான், அப்படியே உருவி எடுத்துவிட்டு ஒரு சாண் பின்னால் வந்து மறுபடியும் குத்த வேண்டும். மண்ணைத் தூக்கிப் புரட்டக் கூடாது. பின்னால் பின்னால் போவதால் நெகிழ்த்திய இடத்தை நாமே மிதிக்கவும் மாட்டோம்.

புரட்டாமல் விட்டால் என்ன லாபம் என்று நானும் கேட்டேன். மேல்மண்ணில் இருக்கிற உயிர் மேலேயே இருக்கும், கீழே இருக்கிற உயிரில்லாத மஞ்சள் மண் கீழேயே இருக்கும். மண்புழு போட்ட வழிகளும், போன பயிரின் வேர் மக்கிப்போய் விட்ட துளைகளும் முக்கால்வாசி அப்படியே நிற்கும், மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். தூங்குகிற களை விதையும் வெளிச்சத்துக்கு வராது. கல் கலந்த மண்ணில் மண்வெட்டி இலை கல்லில் பட்டுத் தெறிக்கும், முள்கரண்டியின் பல் கல்லுக்குப் பக்கத்தில் வழி தேடி இறங்கிவிடும். மண்புழு வெட்டுப்படுவதும் குறைவு.

கோரைக்கும் அதுதான் மருந்து என்பதை அப்புறம் கண்டுகொண்டேன். இரண்டு பக்கமும் குத்திச் சாய்த்து மண் தளர்ந்த பிறகு கோரையின் கழுத்தைப் பிடித்து நிதானமாக இழுத்தால், கிழங்குச் சங்கிலி அறுபடாமல் நூல் மாதிரி வரும். எல்லாம் வராது, வந்தவரைக்கும் லாபம். கோடையில் கொத்தி விட்டால் மேலே வந்த கிழங்கும் புல்லின் தண்டும் சித்திரை வெயிலில் சுருண்டு செத்துவிடும். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்று பெரியவர்கள் சொன்னது வீணுக்கு இல்லை. ஒரு சட்டி கோரைக் கிழங்கைப் பொறுக்கி எடுத்துத் தார்ச்சாலை ஓரத்தில் காயப் போட்ட அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதி, இயந்திரம் ஓட்டிய அன்றைய சந்தோஷத்தை விட எவ்வளவோ பெரியது.

சரி, கட்டுரையில் இருந்த பெரிய தப்புக்கு வருகிறேன், மழை பெய்த மறுநாள் என்பது. எந்தக் கருவியாக இருந்தாலும் பதம் பார்க்காமல் மண்ணில் கை வைக்கக் கூடாது. ஒரு விரல் நீளம் தோண்டி அங்கிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டை பிடியுங்கள். இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். தட்டையாகி ஒட்டிக்கொண்டால் இன்னும் ஈரம், இரண்டு நாள் பொறுங்கள். உருண்டையே பிடிக்க வரவில்லை என்றால் காய்ந்துவிட்டது. விழுந்ததும் புட்டு மாதிரி உதிர்ந்தால் அதுதான் பதம், அன்றைக்கு வேறு எந்த வேலை இருந்தாலும் தள்ளி வையுங்கள். எங்கள் மண்ணில் நல்ல மழைக்குப் பிறகு மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பதம் வரும், வெயில் ஏறினால் அடுத்த இரண்டு நாளில் போய்விடும். களிமண் உள்ள இடத்தில் இன்னும் தள்ளி வரும். நாள்காட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது, கையில் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எங்கள் இடம் மாதிரி ஜேசிபி மிதித்து இறுகிய தரையாக இருந்தால் முதல் தடவை முள்கரண்டி மட்டும் போதாது. அதற்குக் கடப்பாரை வேண்டும். அடிக்கு ஒன்றாகக் குழி போட்டு, அதில் தண்ணீர் ஊற்றி, ஊறவிட்டு, பதம் வந்த பிறகு முள்கரண்டியால் குத்திச் சாய்த்துக்கொண்டே வந்தோம். அப்பா வாரத்தில் இரண்டு நாள், நான் தினம் காலையில் அரைமணி நேரம். முடிக்க ஒன்றரை மாதம் ஆனது. மேலே மக்கிய சாணியும் சருகும் போட்டோம், கலக்கவில்லை, மண்புழு பார்த்துக்கொள்ளும் என்று அப்பா சொன்னார், பார்த்துக்கொண்டது. இப்போதெல்லாம் பட்டத்துக்கு ஒரு முறைதான் முள்கரண்டி, அதுவும் ஒரு காலையில் ஒரு பாத்தி முடிந்துவிடும்.

மற்ற நாளுக்குக் களைக்கொத்து. மழை பெய்து மேல்மண் காய்ந்து ஓடு கட்டும்போது ஒரு அங்குல ஆழத்துக்குச் சுரண்டிவிட்டால் மூச்சும் விடும், அடியில் இருக்கிற ஈரமும் சீக்கிரம் ஆவியாகாது. காபித் தோட்டத்தில் மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கும்போது மேலாக மண்ணைக் கிளறிவிடுவதும் இதற்காகத்தான். ஆனால் ஆழமாகக் கொத்தாதீர்கள். மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாவற்றுக்கும் சாப்பாட்டு வேர் மேலேயேதான் ஓடும், தண்டுக்குப் பக்கத்தில் கொத்துவது சோற்றுத் தட்டைத் தட்டிவிடுவது மாதிரி. மிளகுக்கொடி இருந்தால் இன்னும் கவனம், மழைக்காலத்தில் அதன் வேரில் காயம் பட்டால் வாடல் நோய் உள்ளே புக வழி விட்டது மாதிரி. மழை மாதங்களில் கொடியின் அடியில் இரும்பே படக் கூடாது என்பார் அப்பா, களையைக் கையால்தான் பிடுங்குவார்.

மலையில் இருக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் பத்திரிகை நாகலூர், மஞ்சக்குட்டை வரைக்கும் போகிறது. சரிவில் மண்வெட்டியால் கொத்துகிறவர் மேட்டைப் பார்த்து நின்றுகொண்டு தன் பக்கம் இழுப்பார், அதுதான் உடம்புக்கு வசதி. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கை மண் கீழே இறங்குகிறது. மழையே வேண்டாம், கொத்திக் கொத்தியே மேட்டில் இருக்கிற மண் பள்ளத்துக்கு வந்துவிடும். என் தம்பி நிலத்தில் மேல் வரிசைக் காபிச் செடிகளின் வேர் வெளியே தெரிகிறது, கீழ் வரிசைச் செடிகளின் கழுத்து புதைந்து கிடக்கிறது, இது எல்லாம் மண்வெட்டி செய்த வேலை. முள்கரண்டி மண்ணை இழுக்காது, இருந்த இடத்திலேயே நெகிழ்த்திவிட்டு வெளியே வந்துவிடும். அதைச் சரிவுக்குக் குறுக்காக, ஒரே மட்டத்தில் வரிசை பிடித்துக் குத்திக்கொண்டு போக வேண்டும், பெரிய மழைக்கு முந்தின நாள் கண்டிப்பாகக் கூடாது. ஏற்காட்டில் சேலத்தைவிட மழை அதிகம், தளர்த்தி மூடாமல் விட்ட மண் ஒரே இரவில் போய்விடும். மலையில் பெய்கிற மழைதான் கீழே எங்கள் மூக்கனேரிக்கு வருகிறது. தண்ணீர் செக்கச்செவேல் என்று வரும்போது, அது யாரோ ஒருவருடைய மேல்மண் என்று அப்பா சொல்வார், கரையில் நின்று அதைப் பார்க்க அவருக்குப் பிடிக்காது.

இப்போது கருவி வாங்குவது பற்றி. அப்பாவின் முள்கரண்டியைப் பார்த்துவிட்டு எனக்கென்று ஒன்று கடையில் வாங்கினேன், பச்சை பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது. இரண்டாம் நாளே ஒரு பல் வளைந்தது, ஒரு வாரத்தில் கழுத்தில் வெல்டிங் விட்டுவிட்டது. தகட்டை அழுத்தி எடுத்த சாமான், மணலுக்கு வேண்டுமானால் ஆகும். இரும்புக்குப் பேர் போன ஊர் நம்முடையது. கஞ்சமலையில் இரும்புத் தாது, ஊர் ஓரத்தில் உருக்காலை, சங்ககிரியில் லாரிப் பட்டறை என்று இருந்துகொண்டு, மண் குத்துவதற்கு ஒரு உருப்படியான முள்கரண்டி கிடைக்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கடைசியில் ஒரு கொல்லுப்பட்டறைக்குப் போய், பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து, அப்பாவின் முள்ளையே மாதிரியாக வைத்துச் செய்யச் சொன்னேன். காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தார். கடையில் வாங்கியதைவிட விலை அதிகம்தான். இரண்டு வருடமாகக் கல்லில் குத்துகிறேன், பல் வளையவில்லை.

வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பார்த்தால் போதும். பல்லும் கழுத்தும் ஒரே இரும்பாக இருக்க வேண்டும். காம்பைத் தரையில் நிறுத்தினால் நெஞ்சு வரைக்கும் வர வேண்டும், குட்டைக் காம்பு வாங்கினால் குனிந்து குனிந்து இடுப்பு போய்விடும், முக்கியமாகப் பெண்களுக்கு. காம்பும் இரும்பும் சேரும் இடத்தில் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் தடவி நிழலில் மாட்டி வையுங்கள். களைக்கொத்தின் வாயை மாதம் ஒருமுறை அரத்தால் தீட்டுங்கள், மழுங்கின கொத்து இரண்டு மடங்கு உழைப்பு கேட்கும். செருப்புப் போட்டுக்கொண்டு முள்கரண்டியை மிதிக்காதீர்கள், மூடின காலணி வேண்டும். துருப்பிடித்த பல் காலில் ஏறிவிட்டால் கழுவிவிட்டுச் சும்மா இருக்காமல் போய் டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

இயந்திரமே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மரவள்ளியும் மஞ்சளும் ஏக்கர் கணக்கில் போடுகிறவரிடம் போய் முள்கரண்டியைக் கொடுத்தால் அது அநியாயம், கூலி ஆள் கிடைக்காத காலத்தில் அவருக்கு இயந்திரம்தான் கை. நான் பேசுவது வீட்டுப் பின்னால் ஒன்று, இரண்டு, ஐந்து சென்ட் வைத்திருக்கிற எங்களைப் பற்றி. உங்கள் இணைப்பைக் கத்தரித்து வைத்துக்கொள்கிறவர்கள் நாங்கள்தான். நாங்கள் இயந்திரத்துக்கு வாடகை கொடுத்து, மண்ணையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு கோரிக்கை. ஒன்று உங்களுக்கு. அந்தப் பத்தியைத் திருத்தி, பதம் பார்ப்பது எப்படி என்பதைப் படத்தோடு ஆடி பிறப்பதற்குள் போடுங்கள். மாதிரிக்கு உருண்டை பிடித்துக் காட்ட ஆள் வேண்டும் என்றால் அப்பா வருவார், முகம் வேண்டாம், கையை மட்டும் படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். இன்னொன்று தோட்டக்கலைத் துறைக்கு, உங்கள் வழியாக. மாடித் தோட்டத்துக்குப் பையும் தென்னை நார்க்கழிவும் விதையும் மானியத்தில் கொடுக்கிறீர்கள், நல்ல விஷயம். தரையில் தோட்டம் போடுகிறவர்களுக்கும் ஒரு நல்ல முள்கரண்டி, ஒரு களைக்கொத்து என்று மானியத்தில் கொடுங்கள், அதையும் நம் ஊர்ப் பட்டறைகளில் அடித்து வாங்கிக் கொடுங்கள். எனக்குச் செய்து கொடுத்தவர், அந்த வருடம் முழுக்க முள்கரண்டி கேட்டு வந்தது நான் ஒருத்திதான் என்றார்.

நேற்று ராத்திரி இங்கே மழை. நாளை மறுநாள் காலையில் பீர்க்கன் பாத்தி பதத்துக்கு வரும் என்று அப்பா சொல்லியிருக்கிறார், கடிதத்தை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
கன்னங்குறிச்சி, சேலம்.